பேய்க்கதைக்குப் பயன் சொன்ன கொட்டில்

எங்கள் ஊர்ச் சனத்தின் வாயில் பேயும் கலியாணமும் அடுத்தடுத்த வளவுக்காரர்; நடுவில் வேலி ஒன்றுதான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரத்தில் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். பெண் என்றால் பேயும் இரங்கும் என்பார்கள். பேயானாலும் தாய் என்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், நம்முடைய முன்னோர் ஒரு பேய்க்குப் பெண் பார்த்து, புளியமரத்தில் குடிவைத்து, பிள்ளைப்பேறும் பார்த்து முடித்திருக்கிறார்கள். ஆனபடியால், செத்துப்போன பெண்சாதி பேயாய் வந்து புருஷனுக்குக் கலியாணம் பேசுகிற கதைப்புத்தகம் ஒன்று, கொக்குவிலில் நான் வேலைசெய்த சுருட்டுக் கொட்டிலுக்கு வந்து சேர்ந்தபோது, அதை ஒருவரும் புதினமாக எடுக்கவில்லை. சிரிப்பதற்கென்று எழுதின கதை அது. சிரிக்கவேண்டிய இடத்தில் எங்கள் ஆட்கள் தலையாட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

எனக்குப் பள்ளிக்கூடம் அதிகம் இல்லை. ஐந்தாம் வகுப்போடு புகையிலைக்கு வந்துவிட்டேன். நான் ஒழுங்காய் வாசிக்கப் பழகினது கொட்டிலில்தான். கொட்டில் என்றால் கிடுகு வேய்ந்த நீளக் கூரை, கீழே பாய்கள், பாய்க்கு ஒருவராய்க் காலை மடக்கியிருந்து சுற்றுகிற நாங்கள். மடியில் பலகை, பக்கத்தில் கத்திரிக்கோல், பதமாய் நனைத்துவைத்த இலை. கையும் கண்ணும் வேலையில் இருக்கும். காது மட்டும் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற காது வம்புக்குப் போய்விடும் என்று முதலாளிமாருக்குப் பயம். ஆகவே ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுற்றுவது வழக்கம். வாசிக்கிறவன் சுற்றவேண்டிய சுருட்டை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாய்ச் சுற்றி அவன் பங்கில் போட்டுவிடுவார்கள். வாசிக்கிறவன் நான் ஆனபடியால் என் பங்கில் வந்த சுருட்டெல்லாம் பல கை பட்டு, ஒன்று தடிப்பாய், ஒன்று மெலிவாய், ஒன்று கோணலாய் இருக்கும். தெற்கே சிங்கள ஊர்களில் அவற்றை வாங்கிப் பற்றவைத்தவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தார்களோ தெரியாது.

காலையில் பத்திரிகை. பத்திரிகையில் சண்டை, தேர்தல், விலை எல்லாம் முடிந்தபிறகு, மத்தியானச் சோற்றுக்குப் பின்னால் கதைப்புத்தகம். அந்தப் புத்தகத்தை முதலாளியின் மச்சான் கொழும்பிலிருந்து ரயிலில் வரும்போது கொண்டுவந்தார். இந்தியாவில் அச்சடித்தது. அட்டையும் இல்லை, முதல் சில பக்கங்களும் இல்லை. எழுதினவர் யார், கதைக்குப் பெயர் என்ன என்று ஒருவருக்கும் தெரியாது. கொட்டிலில் அதற்கு வைத்த பெயர் ‘அந்த அம்மா’.

கதை இதுதான். சென்னைப் பட்டினத்தில் ஒரு இளம் வக்கீல். பெண்சாதி செத்துப்போகிறாள். செத்தவள் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து, அவருடைய அலுமாரிக்கு மேலே ஏறி இருந்து காலை ஆட்டுகிறாள். அவருக்கு மட்டும்தான் தெரிகிறாள். வந்தவள் இரத்தம் குடிக்கவில்லை, கதவைத் தட்டவில்லை. உங்கள் சட்டைக்குப் பொத்தான் இல்லையே என்கிறாள். வக்கீலுக்கு அவருடைய அத்தை இரண்டாந்தாரம் பேசுகிறாள். பெண் பார்க்கப் போகிற வீட்டுக்கெல்லாம் இந்த அம்மாவும் கூடவே போய், கோப்பித் தட்டைச் சரிக்கிறாள், பாட்டுப் பாடுகிற பெண்ணுக்குத் தும்மல் வரப்பண்ணுகிறாள். கடைசியாய் எதிர்வீட்டில் ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியை குடிவருகிறாள். அவள் கண்ணுக்கும் பேய் தெரிகிறது. பேயும் ஆசிரியையும் சிநேகிதமாகிவிடுகிறார்கள். வக்கீலைப் பற்றி இரண்டு பேரும் கூடியிருந்து நையாண்டி பண்ணுகிறார்கள்.

பட்டினத்தில் இதை ஒருவர் சாய்வுநாற்காலியில் படுத்துக்கொண்டு தனியே வாசித்துச் சிரித்திருப்பார். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களுக்கு ஒரு பயன்காரர் இருந்தார்.

பயன் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லுகிறேன். எங்கள் கோயில்களில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். வாசித்து நிறுத்தினவுடன் பக்கத்தில் இருக்கிறவர் அதற்குக் கருத்து விரித்துச் சொல்லுவார். அதுதான் பயன் சொல்லுதல். எங்கள் கொட்டிலில் மூத்த சுருட்டுக்காரர் ஒருவர், இணுவிலில் ஒரு கோயிலில் வருஷாவருஷம் பயன் சொல்லுகிறவர். அவர் இருக்கிற இடத்தில் எதை வாசித்தாலும் பயன் இல்லாமல் அடுத்த வரிக்குப் போக விடமாட்டார். புகையிலை விலை இறங்கினது என்று பத்திரிகையில் வாசித்தாலும், இறக்கம் என்பது ஏற்றத்துக்கு முன் நிலை என்று ஒரு பயன் வரும்.

அவர் பேய்க்கதையையும் விடவில்லை. பொத்தான் இல்லையே என்று அந்த அம்மா சொன்ன இடத்தில் நான் வாசித்து நிறுத்தினேன். அவர் கையிலிருந்த இலையைத் தடவிக்கொண்டே, “பொத்தான் எண்டது பற்று. இவருக்குப் பற்று அறுந்துபோச்சுது எண்டு அம்மா உணர்த்துறா” என்றார்.

எங்களோடு புகையிலைக் காம்பு கிழிக்கிற ஒரு பகிடிக்காரர் இருந்தார். அவர் தலை நிமிராமல், “அப்ப ஊசிநூல் ஆர், அண்ணை? குருவோ?” என்று கேட்டார்.

பயன்காரர் கொஞ்சம் யோசித்து, “ஓம், அப்பிடியும் கொள்ளலாம்” என்றார். பகிடியும் அவருடைய பயனில் சேர்ந்துவிடும். அவரை வெல்ல முடியாது.

இன்னொரு சட்டமும் அவர் வைத்திருந்தார். புராணத்தை ஒரு நாளைக்குப் படித்து நிறுத்தும்போது, ஒருவர் செத்த இடத்திலோ, அழுகிற இடத்திலோ, சண்டையின் நடுவிலோ நிறுத்தக்கூடாது. நல்ல பாட்டாய்ப் பார்த்து மங்களமாய் நிறுத்தவேண்டும். கதைப்புத்தகம் எழுதுகிறவர்கள் செய்கிற தொழிலோ இதற்கு நேர் எதிரானது. அதிகாரம் முடிகிற இடத்தில் கதவு தானாய்த் திறக்கும், யாரோ வீறிட்டுக் கத்துவார்கள். அதில் நான் நிறுத்தப்போனால், “நல்ல இடத்திலை கொண்டுபோய் விடு தம்பி, வீட்டுக்குப் போறவை மனசு குழம்பிப் போகக்கூடாது” என்பார். நானும் அடுத்த அதிகாரத்துக்குள் இறங்கி, கத்தினது எலியைக் கண்ட சமையல்காரன்தான் என்று தெரிந்து, வக்கீல் கோப்பி குடிக்கத் தொடங்குகிற இடம் மட்டும் போய் நிறுத்துவேன். எழுதினவர் வாசகரைத் தவிக்கவிடப் பட்ட பாடெல்லாம் எங்கள் கொட்டிலில் வீண். அவர் கட்டின முடிச்சுக்களை நாங்கள் நாளுக்குநாள் அவிழ்த்துவிட்டு, நிம்மதியாய்ச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனோம்.

ஒருவரைத் தவிர.

கொட்டிலில் மேல் இலை சுற்றுவதில் ஒருவரை அடிக்க ஆளில்லை. சுருட்டுக்கு வெளியே வருகிற இலை அது. ஒரு சுருக்கம் விழக்கூடாது. அவருடைய கையில் அது தோல்போல ஒட்டும். உயரமான மனிதர், முப்பத்தைந்து வயது மட்டில், வாயைத் திறந்தால் புகையிலை வாடை போய்விடும் என்று பயந்தவர்போல வாய் மூடியே இருப்பார். எனக்கு அவர் அண்ணை முறை. அண்ணை என்றே இங்கே சொல்லுகிறேன். அவருடைய பெண்சாதி முதற்பிள்ளைப் பேற்றோடு போய்விட்டா. பிள்ளை தப்பிவிட்டது, பெண்பிள்ளை, நாலு வயது நடந்துகொண்டிருந்தது. அதை வளர்த்தது இணுவிலில் இருந்த மாமியும், பெண்சாதியின் தங்கச்சியும். அண்ணை பின்னேரங்களில் போய்ப் பிள்ளையைப் பார்த்து, அங்கே ஒருபிடி சோறும் தின்றுவிட்டு வருவார்.

மாமியின் எண்ணம் ஊருக்கே தெரிந்த எண்ணம். தங்கச்சியையே அவருக்குக் கொடுத்துவிட்டால், பிள்ளைக்குச் சித்தியே தாய். வெளியில் ஒருத்தியைக் கட்டினால் அவள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள், அல்லது வைத்துப் பாராட்டமாட்டாள். இரண்டில் எதுவென்றாலும் மாமிக்கு நெஞ்சு வெடித்துப்போகும். தெரியாத தேவதையிலும் தெரிந்த பிசாசு நல்லது என்று மாமி மருமகனைப் பற்றியே என் முன்னால் சொன்னதுண்டு. சொந்தபந்தம் எல்லாம் ஓம் என்றுவிட்டது. அண்ணை மட்டும் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. கேட்டால், “பாப்பம்” என்பார். அதற்கு மேலே அவரிடம் வார்த்தை பிடுங்குவது பனங்கொட்டையில் எண்ணெய் பிழிகிற வேலை.

இந்த நிலையில்தான் செத்த பெண்சாதி அலுமாரியில் ஏறி இருக்கிற கதையை நான் வாசிக்கத் தொடங்கினேன். தொடங்கும்போது என் மூளையில் ஒன்றும் படவில்லை. இரண்டாம் நாள் பார்த்தால், கொட்டிலே இரண்டாய்ப் பிரிந்திருந்தது. அம்மா தடுக்கிறது நியாயம் என்று ஒரு பக்கம். செத்தவர் வழிவிடத்தான் வேண்டும் என்று மறுபக்கம். ஒருவரும் அண்ணையின் பெயரை எடுக்கவில்லை. அவர் இருந்த பாயின் பக்கம் முகத்தைத் திருப்பவும் இல்லை. வக்கீலைத்தான் ஏசினார்கள். “அந்தாளும் ஒரு முடிவு சொல்லலாம்தானே, எத்தினை நாளைக்குப் பாப்பம் பாப்பம் எண்டுறது” என்று பகிடிக்காரர் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். புத்தகத்தில் வக்கீல் ஒருநாளும் பாப்பம் என்று சொன்னதில்லை.

அண்ணை குனிந்தபடி சுற்றிக்கொண்டிருந்தார். ஆனால் முன்பெல்லாம் வாசிப்பு முடிந்தவுடன் எழும்பிப் போகிற மனிதர், இப்போது கடைசியாய் எழும்பினார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, அந்த அம்மா கடைசியில் சம்மதிக்கிறாவோ என்று கேட்டார். நான் இன்னும் அவ்விடத்துக்கு வரவில்லை என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனிதர் மாமிக்குச் சொல்லவேண்டிய மறுமொழியை இந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். தங்கச்சியை அவருக்குப் பிடித்துப் போயிருந்தது. அதைச் செத்தவளிடம் கேட்காமல் ஏற்கத்தான் அவருக்கு மனம் வரவில்லை. கேட்க வழியும் இல்லை. வழியாய் இந்தப் பேய் வந்திருக்கிறது.

சங்கதி மாமியின் காதுக்கும் போனது. நானும் இணுவில்தான்; இரண்டு ஒழுங்கை தள்ளி வீடு. ஒரு காலைநேரம் மாமி ஒரு பலாப்பழப் பாதியோடு எங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தா. பழத்தை வைத்துவிட்டு, ஊர்க்கதை கொஞ்சம் கதைத்துவிட்டு, அந்தப் பேய் இப்போது என்ன சொல்லுது என்று விசாரித்தா. இன்னும் பெண்களுக்குத் தும்மல் வரப்பண்ணிக்கொண்டுதான் இருக்கிறது என்றேன். மாமிக்கு முகம் சுருங்கிவிட்டது.

“தம்பி, அதைக் கெதியாய்ச் சம்மதிக்கச் சொல்லன்” என்றா.

“மாமி, அது அச்சிலை இருக்கு. நான் என்ன செய்யிறது?”

“அச்சிலை இருந்தால் என்ன? வாயாலை சொல்லுறது நீதானே.”

நான் ஒரு வரியும் மாற்றவில்லை. மாற்றுகிற துணிவு எனக்கு இல்லை. பயன்காரர் எந்த வரிக்கு என்ன கருத்து எடுப்பார் என்று யாருக்குத் தெரியும்? ஆனால் பலாப்பழத்தைத் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அது பழுத்திருந்தது.

புத்தகம் முடிகிற நாள் வந்தது. புராணம் முடிகிற நாளில் அவல் சர்க்கரை கொடுப்பது வழக்கம் என்று பயன்காரர் முதல்நாளே முதலாளிக்குச் சொல்லி ஒப்பேற்றிவிட்டார். சிரிப்புக் கதைக்கு அவல் கொடுத்த கொட்டில் யாழ்ப்பாணத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் பிசைந்த அவல் ஒரு சுளகில், வாழையிலையால் மூடி, நடுவில் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் நான். வெளியிலே நல்ல வெயில்.

கடைசி அதிகாரத்தில் அந்த அம்மா அலுமாரியை விட்டு இறங்குகிறாள். அத்தை பேசியாயிற்று, வக்கீல் ஆசைப்பட்டாயிற்று, சாதகமும் பொருந்திவிட்டது. கலியாணத்துக்கு எல்லாம் சரி. அம்மா நேரே எதிர்வீட்டுக்குப் போய், கொப்பி திருத்திக்கொண்டிருந்த ஆசிரியையின் முன்னால் நின்று, ‘எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள். உனக்கு அவரைப் பிடித்திருக்கிறதா?’ என்று கேட்கிறாள். நான் வாசித்து நிறுத்தினேன்.

பயன்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இங்கே ஆசிரியை என்பது பக்குவப்பட்ட ஆன்மா என்று தொடங்கினார். அப்போது மேல் இலைப் பாயிலிருந்து ஒரு சத்தம். கத்திரிக்கோலைப் பலகையில் வைக்கிற சத்தம்.

“பொறுங்கோ அண்ணை” என்று பயன்காரரை நிறுத்தினார் எங்கள் அண்ணை. கொட்டில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. “தம்பி, அந்தக் கேள்வியை இன்னொருக்கால் வாசி.”

வாசித்தேன்.

“உதை ஏன் ஒருத்தரும் அவளிட்டை முதலே கேக்கேல்லை?”

பயன்காரர் அதைக் கதைக்குள் இருந்து வந்த சந்தேகமாய் எடுத்துக்கொண்டு, ஆன்மாவை இறைவன் கடைசியில்தான் கேட்பான் என்று விளக்கம் சொன்னார். அண்ணை அதைக் கேட்டதாய்த் தெரியவில்லை. நான் மிச்சத்தை வாசித்து முடித்தேன். ஆசிரியை ஓம் என்கிறாள், அம்மா சிரித்துக்கொண்டே மறைந்து போகிறாள், சுபம். அம்மா மறைந்த இடத்தில் பகிடிக்காரர் கையை நீட்டி அவலை வாங்கிக்கொண்டு, இரண்டாந்தரம் போறவவுக்கும் எட்டுச்செலவு செய்யவேணுமோ என்று கேட்டார். செத்த வீட்டில் எட்டாம் நாள் செய்கிற படையல் அது. அந்தக் கேள்விக்கு மட்டும் பயன்காரர் உடனே மறுமொழி சொல்லாமல், பஞ்சாங்கம் பார்க்கவேணும் என்றார்.

அண்ணை தன் பங்கு அவலை வாழையிலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கே மாமி வீட்டுக்குப் போனார். அவல் பிள்ளைக்கு. அங்கே நடந்ததை மாமி எனக்கு ஒருவிதமாய்ச் சொன்னா. அண்ணை கொட்டிலில் இன்னொரு விதமாய்ச் சொன்னார். இரண்டும் ஒன்றோடொன்று ஒத்துப்போனது, மாமி இடையிடையே என்னை ஏசினது தவிர.

முற்றத்தில் பாய் விரித்து, பனங்கிழங்கு கிழித்த ஒடியல் காயப்போட்டிருந்தது. தங்கச்சி அதைக் கிளறிக்கொண்டு நின்றிருக்கிறா. பிள்ளை ஒரு பூவரசம் தடியோடு காகம் கலைத்துக்கொண்டிருந்தது. தங்கச்சி தெல்லிப்பழைப் பக்கம் மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு மட்டும் படித்த பெண். வீட்டில் மூன்று வருஷமாய் அவவின் கலியாணம் கதைத்திருக்கிறார்கள். அவவோடு ஒருவரும் கதைக்கவில்லை. அண்ணை பாயின் மற்றக் கரையில் நின்று, அவல் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உனக்கு என்னைக் கட்ட விருப்பமோ என்று கேட்டுவிட்டார். குசினிக்குள் மாமி இடித்துக்கொண்டிருந்த உலக்கை நின்றுவிட்டது.

“உது அந்தக் கதைப்புத்தகத்துப் பேய் கேட்ட கேள்வியெல்லோ, அத்தான்” என்று தங்கச்சி சிரித்தா. அன்றைக்கு வாசித்த கடைசி அதிகாரமும் அண்ணைக்கு முன்னமே ஊருக்குள் போய்ச் சேர்ந்திருந்தது. பிறகு சிரிப்பை நிற்பாட்டி, “கேட்டபடியால் சொல்லுறன். எனக்கு விருப்பமில்லை” என்றா.

அண்ணை அவல் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றினார். பிறகு, “கொக்காவை நினைச்சோ?” என்று கேட்டார்.

“ஓம், அக்காவை நினைச்சுத்தான். அக்கா உங்களைப் பற்றி எல்லாம் எனக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவ.”

வந்ததே பேய். அலுமாரியும் இல்லை, கால் ஆட்டலும் இல்லை. பட்டப்பகலில், ஒடியல் பாய்க்குப் பக்கத்தில், தங்கச்சியின் வாயால் வந்து நின்று செத்தவள் கதைக்கத் தொடங்கினாள்.

“எங்கடை வீட்டிலை ஒரு தூண் இருக்கு, சோறு தின்னுற தூண் எண்டு அக்கா சொல்லுவா. கறி நல்லாயிருக்கெண்டும் சொல்லமாட்டியளாம், கூடாதெண்டும் சொல்லமாட்டியளாம். ஒருநாள் வேணுமெண்டே உப்புப் போடாமல் வைச்சுப் பாத்தவவாம். அதையும் பேசாமல் திண்டுபோட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போட்டியளாம். அக்கா உங்களை நல்லவர் எண்டுதான் சொன்னவ. ஆனால் அதை அழுதுகொண்டு சொன்னவ, அத்தான்.” பிறகு பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டு, “பிள்ளையை நான் பாப்பன். அதுக்கு உங்களைக் கட்டவேணும் எண்டில்லை” என்றா.

அண்ணை அவலைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

அடுத்தநாள் கொட்டிலில் பத்திரிகை வாசித்து முடிந்தபிறகு, ஒருவரும் கேட்காமலே இதை அவர் எங்களுக்குச் சொன்னார். அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் அவ்வளவு சொல் வந்ததை நாங்கள் அதற்கு முன் கேட்டதில்லை. தூண் என்ற இடத்தில் பகிடிக்காரர் சிரித்துவிட்டார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். அண்ணை கோபிக்கவில்லை. இலையை விரித்து, விரித்த இலையையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“அண்டைக்கு உப்பில்லை எண்டு எனக்குத் தெரியும். வயித்திலை பிள்ளையோடை நிண்டு சமைச்சவள். சொன்னால் அவளுக்கு மனம் நோகும் எண்டுதான் பேசாமல் திண்டனான்.”

எல்லாரும் பயன்காரரைப் பார்த்தோம். அவர் ஒரு சுருட்டை எடுத்து, நன்றாய்த்தான் சுற்றியிருந்ததை, அவிழ்த்துத் திரும்பச் சுற்றினார். 

கதைப்புத்தகம் என்றால் இந்த இடத்தில் தங்கச்சிக்கு மனம் மாறியிருக்கும். ஒரு மழை பெய்யும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், இரண்டு பேரும் கட்டிலின் இரண்டு பக்கத்திலும் இருப்பார்கள், சுபம். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும் உண்மை, இரண்டு பேரும் இரண்டு பக்கத்தில் இருந்ததும் உண்மை. காய்ச்சல் மாறினது, மனம் மாறவில்லை. மாமி பதினைந்து நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்துபார்த்தா, பிறகு என்னோடு மட்டும் கதைக்காமல் இருந்தா. சிரிப்புக் கதை வாசித்துக் குடும்பம் கெடுத்தவன் என்று ஒழுங்கையில் எனக்குப் பெயர் வந்தது. பலாப்பழத்தைப் பற்றி மாமி ஒருவருக்கும் சொல்லவில்லை. அவவின் பெருந்தன்மை அது.

மாறினது அண்ணைதான். பின்னேரங்களில் பிள்ளையைப் பார்க்கப் போவதை அவர் விடவில்லை. முதலில் வெட்கத்தோடு வாசலில் நின்றார். பிறகு பழையபடி இருந்து சாப்பிட்டார். சாப்பிடும்போது கதைக்கத் தொடங்கினார். கத்தரிக்காய்க்குப் பழப்புளி கூடிப்போச்சு என்றார். சொதி இன்றைக்கு நல்லாயிருக்கு என்றார். பிள்ளையிடம், உனக்கு உறைக்குதோ என்று கேட்டார். சில மாதம் கழித்து மாமி என்னோடு திரும்பக் கதைக்க வந்ததே இதை முறையிடத்தான். முந்தி அந்தாள் வாய் திறக்குதில்லை என்று கவலைப்பட்டேன், இப்போது ஒரு கறி இறக்க விடுகுதில்லை, உன்னுடைய பேய்தான் அந்தாளில் ஏறியிருக்குது என்றா. ஓட்டிவிடட்டோ மாமி என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்றா.

இரண்டு வருஷத்தால் தங்கச்சிக்குத் தென்மராட்சிப் பக்கத்து வாத்தியார் ஒருவர் பொருந்தினார். இந்தமுறை பெண்ணைக் கேட்டுத்தான் பேசினார்கள். அதையும் அண்ணைதான் போய்க் கேட்டார். பிள்ளை சித்தியோடு போய் வருவதும், மாமியோடு இருப்பதும் என்று அவவே ஒழுங்கு சொல்லிவிட்டா. கலியாணவீட்டுக்கு வாழைமரம் வெட்டிக் கட்டினது, பந்தலுக்குக் கிடுகு கொண்டுவந்தது, பிற்பகலில் பந்திக்கு இலை போட்டது எல்லாம் அவர். பெண்ணுக்குத் தமையன் இல்லாத குறை தெரியவில்லை என்று சனம் சொல்லியது. சனம் எதையும் சொல்லும்.

கடைசிப் பந்தியில்தான் அவர் இருந்தார். ஒருபக்கத்தில் பிள்ளை, மறுபக்கத்தில் நான். முற்றத்துப் பந்தல்; ஐந்தாறு முழத்துக்கு அப்பால், நிலையோடு ஒட்டி, பெண் கூறைச்சேலையோடு மாப்பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தா, சாப்பிடுகிறவர்களைப் பார்த்தபடி. சோறு வந்தது, பருப்பு வந்தது, நெய் வந்தது. அண்ணை ஒருவாய் பிசைந்து வைத்தார். பிறகு தலையை நிமிர்த்தி, பந்தி முழுவதுக்கும் கேட்கிறமாதிரி,

“மாமி, பருப்புக்கு உப்புக் காணாது” என்றார்.

பந்தி திகைத்துப்போனது. கலியாணவீட்டுச் சோற்றில் குறை சொல்லுகிறவன் பகையாளியாய் இருக்கவேண்டும். மாமி பதறிக்கொண்டு உப்புச் சிரட்டையை எடுக்க உள்ளே ஓடினா. குனிந்து நிற்கவேண்டிய மணப்பெண் குனியவில்லை. சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தா, சிரித்து முடிகிறபோது கண்ணையும் அதே தலைப்பால் துடைத்துக்கொண்டா. மாப்பிள்ளை வாத்தியார் ஒன்றும் விளங்காமல் ஒருதரம் அவவையும் ஒருதரம் எங்களையும் பார்த்தார்.

அந்தப் பருப்பு என் இலையிலும் இருந்தது. உப்பு அளவாகத்தான் இருந்தது.